புரட்டாசி சனிக்கிழமையில் ஒரு கொடுவா

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, காலை ஏழு மணி. நெற்றி நிறைய நாமம், கையில் தூண்டில் – இந்தக் கோலத்தில் என் மச்சான் வரதராசு பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே ஓர் உப்பங்கழிக் கரையில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நான். எனக்கும் நாமம் உண்டு. அவர் போட்டுவிட்டது.

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? எல்லாம் பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிற அவர் மகள் செய்த வேலை. அப்பாவுக்கு அறுபது வயது ஆகிறது. சட்டை எடுத்துக் கொடுத்தால் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். வாட்ச் வாங்கிக் கொடுத்தால்... அதுவும் பீரோ. சரி, பூட்ட முடியாத ஒன்றாகக் கொடுப்போம் என்று ஆன்லைனில் ஒரு பரிசு புக் செய்துவிட்டாள். சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போய், ஒரு வழிகாட்டியோடு நாள் முழுக்க மீன் பிடிப்பது. 'கைடட் ஃபிஷிங் டிரிப்'. இரண்டு பேருக்கு.

இரண்டாவது ஆள் அவர் மனைவியாக இருந்திருக்க வேண்டும். புரட்டாசி சனிக்கிழமை மீன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அந்த அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார். ஆக, தங்கை புருஷன் எதற்கு இருக்கிறான்?

பெங்களூரில் சனி, ஞாயிறு தெரியும். புரட்டாசி தெரியாது. தேதியை மாற்றிக் கேட்டால் முடியாது என்றுவிட்டார்கள். எங்கள் பக்கம் புரட்டாசி வந்துவிட்டால் மீன்கடைக்காரர்கள் ஈ ஓட்டுவார்கள். முட்டைகூட வாசலோடு நின்றுவிடும். அப்படிப்பட்ட மாசத்தில், அதுவும் பெருமாளுக்கு உகந்த சனிக்கிழமையில், மீன் பிடிக்கப் போகலாமா? மச்சான் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் எனக்கு போன் போட்டுத் தீர்ப்பைச் சொன்னார்.

"புடிக்கிறது வேற, திங்கிறது வேற மாப்ள. புடிச்சி ஐஸ்ல போட்டுடுவோம். ஐப்பசி ஒண்ணாந்தேதி எடுத்து கொழம்பு வச்சிக்கலாம்."

பெருமாளே அசந்து போயிருப்பார். காரின் பின் சீட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு தெர்மாகோல் பெட்டி வந்தது. உள்ளே ஐஸ். விருத்தாசலத்தில் டீ குடிக்க நிறுத்தியபோதுகூட மச்சான் பெட்டியைத் திறந்து, ஐஸ் கரைந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மச்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தியாகதுருகத்தில் கரும்பும் மரவள்ளியும் போடுகிறவர். சுற்றுவட்டார ஏரிகளில் தூண்டில் போடுவதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்வார். அவர் மட்டும்தான் சொல்வார். மனிதர் தங்கமானவர். ஒரே ஒரு பழக்கம் – எதைச் சொன்னாலும் அது அவருக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும். டாக்டரிடம் போனால் மருந்துச் சீட்டில் திருத்தம் சொல்வார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். 'அப்படி யாரும் இல்லையே' என்று யோசிக்கிறீர்களா? எதற்கும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வழிகாட்டியின் பெயர் கலியமூர்த்தி. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, வெயிலில் வெளுத்த தொப்பி. அந்தக் கழியிலேயே பிறந்து வளர்ந்தவர். முன்பு சொந்தமாக வலை போட்டவர், நாலு வருஷமாக இந்த டிரிப் கம்பெனியின் படகை ஓட்டுகிறார். வாயிலிருந்து வார்த்தை வருவது கம்மி.

படகில் ஏறுவதற்கு முன்பே மூன்று விதிகளைச் சொன்னார். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். போட்டோ எடுப்பதாக இருந்தால், மீனை ஒரு நிமிஷத்துக்கு மேல் வெளியே வைத்திருக்கக் கூடாது.

மச்சான் இரண்டாவது விதியிலேயே நின்றுவிட்டார். "புடிச்சத திரும்ப வுட்றதா? அப்ப இன்னாத்துக்குப் புடிக்கணும்?"

நியாயமான கேள்விதானே? நூற்றிருபது கிலோமீட்டர் போய், மீனைப் பிடித்து, அதனிடமே கொடுத்துவிட்டு வருவதற்கு ஒரு கம்பெனி, ஒரு படகு, ஓர் ஆன்லைன் புக்கிங். இதற்குக் கல்வராயன் மலையில் கரியாலூர் போய் பெடல் போட் மிதித்திருக்கலாம் என்றார் மச்சான். எனக்கும் உள்ளுக்குள் அதேதான் ஓடியது. ஆனால் நான் நாலு இடத்தில் எழுதுகிறவன் இல்லையா... 'இயற்கையைப் பாதுகாக்க வேண்டும் மச்சான்' என்று ஒரு வரி எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் கலியமூர்த்தி விஷயத்துக்கு வந்தார். பார்ட்டி கையில் ஒரு மீன் செத்தால், அது வழிகாட்டியின் தலையில்தான் விடியும். இந்த சீசனில் ஏற்கனவே ஒன்று செத்துவிட்டது – சென்னையிலிருந்து வந்த யாரோ மீனைக் கீழே போட்டுவிட்டார்கள். இன்னொன்று செத்தால் படகுப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுவார்கள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அப்புறம் தை வரைக்கும் எவனும் வரமாட்டான். அதற்கு முன்னால் ஓட்டுகிற இந்த ஓட்டம்தான் அவர் வீட்டு அடுப்பு.

"இன்னொரு மீனு செத்தா எனக்கு வேல இல்லீங்க சார். பாத்து நடந்துக்கங்க."

கெஞ்சவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னார். நாங்கள் இருவரும் தலையை ஆட்டினோம். தலை ஆட்டுவதில் எங்களை யாரும் குறை சொல்ல முடியாது.

பெட்டியைக் காரிலேயே வைத்துவிட மச்சான் ஒப்பவில்லை. உட்கார வசதியாக இருக்கும் என்று சொல்லிப் படகில் ஏற்றிவிட்டார்.

காடு அழகுதான். இரண்டு பக்கமும் வேர்களைத் தண்ணீருக்குள் ஊன்றி நிற்கிற மரங்கள், நடுவே பச்சைத் தண்ணீர், ஆங்காங்கே கொக்கு. அழகைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். மச்சான் சொன்னதை மட்டும் சொல்கிறேன். ஒரு கை தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "இவ்ளோ தண்ணி கெடக்குது... ஒரு காணி நாத்து வுட முடியாது."

முதல் இடத்தில் படகை நிறுத்தியதும் மச்சான் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அவித்த மரவள்ளிக் கிழங்கு, தவிடு, கொஞ்சம் வெல்லம் – பிசைந்து உருட்டியது. எங்கள் ஏரிக் கெண்டைகள் இதற்கு மயங்கும். கலியமூர்த்தி ஓர் உருண்டையை வாங்கி மோந்து பார்த்தார். டப்பாவை மூடிப் பத்திரமாக ஓரத்தில் வைத்தார்.

"இத மத்தியானம் நாம சாப்டுக்கலாங்க சார்."

அவர் கொண்டுவந்தது உயிர் இறால். மச்சான் தொடவில்லை. ஒரு மணி நேரம் மரவள்ளியையே கட்டிக்கொண்டு அழுதார். ஒரு மீனும் எட்டிப் பார்க்கவில்லை. உப்புத்தண்ணி மீனுக்கு ருசி தெரியவில்லை என்று காரணம் சொன்னார். அப்புறம் கலியமூர்த்தி இன்ஜின் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, ஓர் இறாலைச் சத்தமில்லாமல் எடுத்து மாட்டிக்கொண்டார். கலியமூர்த்தி பார்த்துவிட்டார். பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். வழிகாட்டி வேலையில் பாதி இதுதான் போலிருக்கிறது.

மத்தியானம் மர நிழலில் சாப்பாடு. எங்களுக்கு வீட்டிலிருந்து வந்த புளியோதரை, தயிர்சாதம். கலியமூர்த்தி தன் தூக்கைத் திறந்தார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. வாசனை படகு முழுக்க நிறைந்தது. மச்சான் புளியோதரையை வாயில் வைத்துக்கொண்டு தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் வாழ்நாளில் இருந்த மற்ற விரதமெல்லாம் சும்மா என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு மணி வாக்கில், கழித் தண்ணீர் கடல் பக்கம் வற்ற ஆரம்பித்த நேரம், மச்சானின் தூண்டில் கம்பு வில்லாக வளைந்தது. கொடுவா. பெரிய கொடுவா. அடுத்த கால் மணி நேரம் கலியமூர்த்தி பேசினதுதான் அந்த நாளில் அவர் அதிகம் பேசியது. விடுங்க சார், விடுங்க... இப்ப சுத்துங்க... இழுக்காதீங்க, அது போற பக்கம் போவட்டும்... மச்சானின் கையைப் பிடித்துப் பிடித்து அவரே பாதி இழுத்தார். கடைசியில் கைவலையில் ஏந்தி மேலே தூக்கினார். என் கை நீளத்துக்கு ஒரு மீன். வெயிலில் பளபளவென்று. நான்கூட எழுந்து நின்றுவிட்டேன்.

கலியமூர்த்தி தன் கையை நனைத்துக்கொண்டு மீனின் வாயிலிருந்து தூண்டில் முள்ளை எடுத்தார். மச்சானின் கையையும் நனைக்கச் சொல்லி, மீனை எப்படித் தாங்குவது என்று காட்டிக் கொடுத்தார். "ஒரு நிமிஷங்க சார்."

என் கையில் போன் இருந்தது. வீடியோ ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது.

மச்சானுக்கு மகளுக்கு அனுப்பும் வீடியோவில் நாலு வார்த்தை பேச ஆசை. பரிசு கொடுத்தவள் அல்லவா. 'அம்மா, அப்பா பாரு...' என்று ஆரம்பித்தார். மீன் துள்ளியது. பேச்சு நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தார். லைஃப் ஜாக்கெட் சட்டையை மறைக்கிறது என்று ஞாபகம் வந்தது – மகள் எடுத்துக் கொடுத்த சட்டை, பீரோவிலிருந்து அன்றுதான் வெளியே வந்திருக்கிறது. ஜாக்கெட் பக்கிளை நான்தான் கழற்றிவிட்டேன். மறுபடி ஆரம்பித்தார். கலியமூர்த்தி போதும் என்றார். ஆச்சு ஆச்சு என்றோம். இந்த முறை வால் படத்தில் வரவில்லை. அதைக் கவனித்துச் சொன்னவனும் நானேதான். கலியமூர்த்தி மறுபடி போதும் என்றார். மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க ஏரி விரால் அண்டாவுல மூணு நாளு உசுரோட கெடக்கும். இதுக்கு இன்னா ஆயிடும்?"

"அது விரால் சார். மேல வந்து காத்து குடிக்கும். இது கொடுவா."

மச்சான் சிரித்தார். மீனைப் பற்றி அவருக்கே பாடமா? ஏரிக்காரனின் புத்தி அது. விராலைப் பிடித்து, அண்டாவில் போட்டு, ஈரச் சாக்கால் மூடி, சந்தைக்குக் கொண்டுபோகிறவரைக்கும் உயிரோடு பார்த்தே பழகியவர். மீன் என்றாலே அவருக்கு விரால்தான். அவர் ஒரு வாழ்நாள் முழுக்கச் சரியாகத் தெரிந்து வைத்திருந்ததுதான் அந்தக் கொடுவாவின் உயிரைக் குடித்தது. எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது. எனக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. வீடியோ நன்றாக வரவேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

கலியமூர்த்தி மீனை மச்சானின் கையிலிருந்து பிடுங்கினார். அப்படியே தண்ணீரில் குதித்தார்.

மார்பளவு தண்ணீர், அடியில் சேறு. ஒரு கையால் வாலையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, மீனின் வாய்க்குள் தண்ணீர் போகிற மாதிரி ஓட்டத்துக்கு எதிராக மெதுவாக நடத்தினார். கையை லேசாகத் தளர்த்துவார். மீன் பக்கவாட்டில் சாயும். மறுபடி பிடித்துக்கொள்வார். தளர்த்துவார். சாயும். எத்தனை தடவை என்று தெரியவில்லை. இருபது நிமிஷத்துக்கு மேல் இருக்கும். நாங்கள் இருவரும் படகில் பெட்டியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கிக் கூடப் பிடிக்கலாமா என்று நாங்கள் கேட்கவில்லை. சட்டை புதுசு, என் செருப்பும் புதுசு.

கடைசியில் அவர் கையை எடுத்தார். மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது.

மச்சான் எட்டிப் பார்த்தார். "செத்துதான் போச்சி... பெட்டில போட்டுக்கலாமா?"

கலியமூர்த்தி மீனைத் தூக்கிப் படகுக்குள் வைத்து, ஏறி, ஒரு சாக்கால் மூடினார். செத்த மீனை ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு இன்ஜினைக் கிளப்பினார்.

கரைக்குத் திரும்ப முக்கால் மணி நேரம். பாதி வழியில் மச்சான் என் காதருகே வந்து, மீனுக்கு ஏற்கனவே உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றார். நான் தலையாட்டினேன். சொன்னேனே, அதில் கெட்டிக்காரன். பாக்கெட்டில் போன் இருந்தது. அந்த வீடியோவை அழித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம் என்பது பொய். கரை வந்து சேரும் வரைக்கும் தோன்றிக்கொண்டேதான் இருந்தது.

துறையில் கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் நின்றிருந்தது. கம்பெனியின் சூப்பர்வைசர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சாக்கை விலக்கிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. கலியமூர்த்தியிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்களிடம்தான் கேட்டது – எவ்வளவு நேரம் வெளியே வைத்திருந்தீர்கள், கைடு உங்களுக்கு நேரம் சொன்னாரா?

மச்சான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அறுபது வயது. தியாகதுருகத்தில் நாலு பேர் எழுந்து நிற்கிற ஆள். "சொன்ன மாதிரி தெரியிலியேம்மா. அவரு பாட்டுக்கு இன்ஜினாண்ட இருந்தாரு."

கலியமூர்த்தி மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். ஈரம் காயாத சட்டையோடு நின்று தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார். பார்ட்டி சொல்வதுதான் எழுதப்படும் என்று அவருக்குத் தெரியும். போன தடவையும் பார்ட்டி இப்படித்தான் சொல்லியிருக்கும். அந்தப் பெண் டேப்லெட்டில் ஏதோ தட்ட ஆரம்பித்தது. அவர் பெயரை எடுப்பதற்கு அவ்வளவுதான் வேலை. நாலு தட்டு.

அவமானமாக இருந்தது. மச்சானை நினைத்து இல்லை. வாரா வாரம் உங்களுக்கு நேர்மையைப் பற்றி, மனசாட்சியைப் பற்றி, சிக்னலில் நிற்காதவர்களைப் பற்றி எழுதிக் கிழிக்கிற ஓர் ஆள் அந்த இடத்தில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானே... அவனை நினைத்து.

"அம்மா, ஒரு நிமிஷம்," என்றேன். போனை எடுத்து வீடியோவைப் போட்டேன்.

ஆறு நிமிஷம் ஓடியது. அந்தப் பெண் முழுசாகப் பார்த்தது. கலியமூர்த்தியின் குரல் தெளிவாகக் கேட்டது. ஒரு நிமிஷங்க சார். போதும் சார். சார், தண்ணில வைங்க சார். மூச்சு வுட முடியாது சார் அதுக்கு. படகில் இருந்தபோது இரண்டு மூன்று தடவை சொன்ன மாதிரிதான் எனக்கு ஞாபகம். வீடியோவில் எண்ணினால் ஒன்பது தடவை. அந்த ஒன்பதுக்கும் மேலே இன்னொரு குரல், போனுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் கணீரென்று, குஷியாக, 'இன்னும் ஒண்ணே ஒண்ணு மச்சான், சிரிங்க, இன்னும் கொஞ்சம் தூக்குங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தது. "இந்த வாய்ஸ் யாரு சார்?"

"நான்தாம்மா."

மச்சான் குனிந்து பெட்டியைத் திறந்து, ஐஸ் எந்த அளவில் இருக்கிறது என்று ஆராய ஆரம்பித்தார்.

கலியமூர்த்தி மேல் தவறில்லை என்று பதிவானது. எங்கள் இருவர் மேலும் தவறு என்று பதிவானது. இனிமேல் இந்தக் கம்பெனிப் படகில் எங்களுக்கு இடமில்லை. கையெழுத்துப் போட்டேன். மச்சானும் போட்டார், கண்ணாடி இல்லை, எதுவும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே. கலியமூர்த்தி எனக்கு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவர் படகுக்குத் திரும்பிப் போய் சேற்றைக் கழுவ ஆரம்பித்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு வேறு ஒரு பார்ட்டி வருகிறதாம். கோயம்புத்தூராம்.

காரில் ஏறியதிலிருந்து மச்சான் என் பக்கமே திரும்பவில்லை. தங்கை புருஷன் இப்படிச் செய்துவிட்டானே என்ற கோபம் அவருக்கு இருக்கும்தானே. வீட்டுக்குப் போனதும் என் மனைவியிடம் விஷயம் எந்த உருவத்தில் போகும், அவள் யார் பக்கம் நிற்பாள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் பக்கம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விருத்தாசலம் தாண்டியது. உளுந்தூர்ப்பேட்டை நெருங்கியபோது மச்சான் கனைத்தார். மன்னிப்பா, சண்டையா என்று நான் தயாரானேன்.

"அந்த வீடியோவ எனக்கு அனுப்பு மாப்ள. ஸ்டேட்டஸ்ல வச்சிக்கிறேன்... சத்தத்த மட்டும் எடுத்துடு."

சத்தத்தை எப்படி எடுப்பதென்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.